காலில்லாத சஜ்ஜா

எண்பதுகளில் சந்தவாசல் கடைத்தெருவுக்கு வந்தவர்களுக்கு ஒன்று கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். மருந்துக்கடை, உரக்கடை, வங்கி, சைக்கிள் கடை என்று எதை எடுத்தாலும், முன்னால் தெருவைப் பார்த்து ஒரு கான்கிரீட் சஜ்ஜா நீட்டிக்கொண்டு நிற்கும். மெலிசான சஜ்ஜா. மூலையில் வளைவு. அடியில் பேருக்குக்கூட ஒரு தூண் கிடையாது. சுவரில் பச்சையும் மஞ்சளுமாய் மொசைக் சில்லு, மாடியில் ஓட்டை ஓட்டையாய்ச் சிமெண்ட் ஜாலி, பக்கத்தில் தனியாக எழும்பி நிற்கிற ஒரு ஒல்லிச் சுவர், அதில் மேலிருந்து கீழாகக் கடையின் பெயர். மலையடிவாரத்துத் தெருவுக்கு இந்தப் பட்டணத்து மோஸ்தர் எப்படி வந்தது என்று கேட்டால் அத்தனை பேரும் ஜவுளிக்கடை பிலிப்ராஜைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் அவன் பட்ட பாட்டை ஒருவரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அந்தப் பாட்டில் பாதி அவர்களால் வந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. பிலிப்ராஜின் தகப்பனார் அமலநாதன் சந்தவாசலில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல பெயர், நல்ல வியாபாரம். கடை மட்டும் இருட்டுக் குகை. தாழ்ந்த ஓட்டுக்கூரை, முன்னால் நாலு மரத்தூண். பட்டப்பகலில் விளக்கைப் பிடித்தால்தான் சிவப்புச் சீலைக்கும் அரக்குச் சீலைக்கும் வித்தியாசம் தெரியும். வாங்கிக்கொண்டு போய் வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது இது இல்ல" என்று திரும்பி வந்து சண்டை பிடிக்காத பெண்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே இல்லை. அந்தப் பழைய கடை போய்விட்டதே என்று இன்றைக்கு யாராவது உச்சுக்கொட்டினால் நம்ப வேண்டாம். அதற்குள் தேளும் இருந்தது.

துணி கொள்முதல் செய்யப் பட்டணம் போன பிலிப்ராஜ், வேலை முடிந்த சாயங்காலம் சும்மா இராமல் மவுண்ட் ரோடில் நடந்தான். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது. ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வைத்த கடைகள், குத்துக்கோடாய் நிற்கும் சிமெண்ட் பலகைகள், வட்ட வட்டமாய் ஜன்னல், இரவில் எரிகிற எழுத்து. எல்லாவற்றையும் வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்துக்கொண்டு வந்தவன், ஒரு மோட்டார் கம்பெனி வாசலில் நின்றுவிட்டான். தலைக்கு மேல் ஒரு சஜ்ஜா, பாதி நடைபாதையை மூடிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கோடிக்குப் போனான், அந்தக் கோடிக்கு வந்தான், குனிந்தும் பார்த்தான். வாசலில் இருந்த காவல்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா, எதுனா தொலச்சிட்டியா?" என்று கேட்டார்.

"தூண்ங்க" என்றான் பிலிப்ராஜ்.

காவல்காரர் அவனை மெதுவாகக் கையைப் பிடித்து ரோட்டோரம் கொண்டுபோய் விட்டார். அவருக்கு வேறு என்ன தோன்றும்!

ஊருக்கு வந்த பிறகும் அந்தச் சஜ்ஜா அவன் தலையை விட்டு இறங்கவில்லை. வேலூரில் ஒரு இன்ஜினியரைப் பிடித்துப் படம் வரைந்து வாங்கி வந்து, தகப்பனார் முன்னால் விரித்தான். அமலநாதன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சோக்காத்தான் கீது. தூணு எங்கடா? வரைய மறந்துட்டாரா?"

"தூணு கெடையாது நைனா. இப்பிடித்தான் நிக்கும்." பிலிப்ராஜ் தோளிலிருந்து கையை நேராக நீட்டிக் காட்டினான். "ஒடம்பு கெட்டியா இருந்தா கை நிக்குதில்ல? அதே கணக்குதான்."

அமலநாதன் அவன் நீட்டிய கையைப் பார்த்தார். "சரி, எத்தினி நேரம் இப்பிடியே நிப்ப? சாயங்காலம் ஆனா கை வலிக்காது?"

பிலிப்ராஜின் மனைவி ரோசி வேலூர்க்காரி. கண்ணாடி ஜன்னலில் சீலையைத் தொங்கவிட்டால் தெருவில் போகிறவள் தானாக உள்ளே வருவாள் என்று சின்ன வயசிலேயே கண்டவள். அவளும் சேர்ந்துகொண்டு, "மாமா, ஒரே ஒரு தபா செஞ்சி பாப்போம் மாமா" என்று கேட்டதில்தான் அமலநாதன் இளகினார். மகன் கேட்டால் கல்லாக இருப்பவர், மருமகள் கேட்டால் வெண்ணெய். அந்த வீட்டு வழக்கம் அப்படி.

கட்டிடம் எழும்பியது. அடைக்கலம் மேஸ்திரி கட்டினார். வேலூரில் வங்கிக் கட்டிடம் கட்டிய அனுபவத்தைக் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, கூலி வாங்கும்போது ஒரு முறை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பேச்சு அதிகமே தவிர, வேலையில் குற்றம் சொல்ல முடியாது. மொசைக் தரை முகம் தெரிகிற மாதிரி மின்னியது. கடைசியாகத் தெருப்பக்கம் சஜ்ஜாவுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகுகிற வரை தாங்கிப் பிடிக்க அடியில் பலகை அடித்து, வரிசையாகச் சவுக்கு முட்டு கொடுத்திருந்தார்கள். முட்டு இருந்தபோதே கடையைத் திறந்தாயிற்று. பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டுகளுக்குள் நுழைந்து வந்து தீர்த்தம் தெளித்தார்.

அமலநாதன் கடைக்கு உயிர்நாடி மலை ஜனம்தான். ஜவ்வாது மலையிலிருந்து சந்தை நாளில் புளியும் சாமையும் தேனும் சுமந்துகொண்டு இறங்குவார்கள். சரக்கை விற்றதும் நேரே துணிக்கடை. வருஷத்துக்கு வேண்டிய சீலை, வேட்டி, கல்யாணத்துணி, எல்லாம் ஒரே கடையில். நம்பினால் தாத்தா காலத்திலிருந்து ஒரே கடைதான், வேறு வாசல் மிதிக்க மாட்டார்கள். புதுக் கடைக்கும் அப்படியே வந்தார்கள். மூட்டையை இறக்கி வைத்து, சவுக்கு முட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியில் தொங்குகிற சீலையைப் பார்த்து விலை பேசினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. "இன்னா நைனா, நான் சொல்லல?" என்று பிலிப்ராஜ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதோடு நின்றிருக்கலாம். பையனுக்கு ஆசை அடங்கவில்லை. கான்கிரீட் இறுகியதும் மேஸ்திரி, "நாளைக்கு முட்டு பிரிச்சிடலாம் தம்பி" என்றார். நாளைக்கு யாரும் இருக்க மாட்டார்களே! தூணே இல்லாமல் சஜ்ஜா நிற்கிற அதிசயத்தைப் பார்க்க ஆள் வேண்டாமா? "சந்த அன்னிக்கி பிரிக்கலாம் மேஸ்திரி. மலைக்காரங்க அல்லாரும் பாக்கட்டும்" என்றான் பிலிப்ராஜ்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சந்தை நாள் காலையில் தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேஸ்திரியின் சென்ட்ரிங் ஆட்கள் இரண்டு கோடியிலிருந்தும் ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்துக்கொண்டே வந்தார்கள். பலகைகள் இறங்கின. நடுவில் கடைசி முட்டு ஒன்று மட்டும் நின்றது. இனி வருவதுதான் அந்தத் தொழிலின் பழக்கம். கடைசி முட்டைத் தட்டியதும் "ஓய்!" என்று ஒரு சத்தம் போட்டு, அடியில் இருக்கிற அத்தனை பேரும் எடுப்பார்கள் ஒரு ஓட்டம். கட்டிடம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓடுவார்கள். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போகிறதே, அந்த மாதிரி. கட்டிடக்காரர்களுக்கு அது தெரியும். மலையிலிருந்து புளி விற்க வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

தட்டினார்கள். "ஓய்!" என்றார்கள். ஓடினார்கள். அடைக்கலம் மேஸ்திரி, அந்த வயசில், அந்தத் தொப்பையோடு, எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

மலை ஜனம் ஒரு நொடி திகைத்து நின்றது. கட்டினவனே உயிருக்குப் பயந்து ஓடுகிறான்! அப்புறம் கேட்க வேண்டுமா? புளி ஒரு பக்கம், சாமை ஒரு பக்கம், கோழிக்கூடை ஒரு பக்கம். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினார்கள். சஜ்ஜா பாட்டுக்கு அலுங்காமல் குலுங்காமல் நின்றது. ஒரு துளி மண்கூட உதிரவில்லை. அதைத் திரும்பிப் பார்க்கத்தான் தெருவில் ஆள் இல்லை.

மலைக்கு அன்று சாயங்காலம் போன பஸ்ஸுக்கு முன்னாலேயே சேதி மேலே போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'கட்டினவனே ஓடிட்டானாம்' என்பது முதல் ஊரில். 'பாதி வுழுந்துச்சாம்' என்பது அடுத்த ஊரில். அதற்கு மேலே இருக்கிற ஊர்களில் பிலிப்ராஜுக்குக் காரியமே முடிந்திருந்தது.

அடுத்த சந்தைக்கு மலை ஜனம் வந்தது. வந்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டது. தீர்த்தகிரி என்று ஒரு பெரிய குடியானவர், அமலநாதன் கடைக்குப் பரம்பரை வாடிக்கை. அவர் அங்கே நின்றபடியே கையை வாய்க்குக் குவித்து, "சின்ன மொதலாளி! அந்த ஊதாச் சீலைய எடுத்துக் காமிங்க!" என்று கத்தினார்.

"உள்ள வாங்க தீர்த்தகிரி! தொட்டுப் பாருங்க!"

"வாணாங்க! இங்கருந்தே நல்லாத் தெரியுது! கண்ணாடி போட்டதுல அதான் சவுகரியம்!"

பிலிப்ராஜ் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தான். "இது வாணா, பச்ச கரை போட்டது எடுங்க" என்றாள் தீர்த்தகிரியின் மனைவி மங்கம்மாள். திரும்ப வந்தான், எடுத்தான், கடந்தான். நடுவில் ஒரு மாட்டு வண்டி. மத்தியானத்துக்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்படியும் எத்தனை பேருக்குச் சுமக்க முடியும்? மிச்சப் பேர் நாலு கடை தள்ளி இருந்த சக்கரவர்த்தியின் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்கள். சக்கரவர்த்தி லேசுப்பட்ட ஆளா? தன் கடை முன்னால் ஏற்கெனவே இருந்த தூண்கள் போதாதென்று, தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு நட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்தார்.

"நெஜமாவே வுழாது தீர்த்தகிரி, என்ன நம்புங்க" என்று பிலிப்ராஜ் கெஞ்சினான்.

"உங்கள நம்பறேன் சின்ன மொதலாளி. ஆனா கட்ன ஆளே ஓட்றத எங் கண்ணால பாத்தேனே. நாங்க வூடு கட்டினா, கூர போட்ட அன்னிக்கி அது அடியிலதான் பொங்க வெச்சி சாப்புடுவோம். யாரும் ஓட மாட்டோம்" என்றார் அவர்.

அன்று கடையை மூடும்போது அமலநாதன் முடிவைச் சொன்னார். கத்தவில்லை. கத்தினால்கூடத் தேவலாம் என்றிருந்தது பிலிப்ராஜுக்கு.

"கல்லு ஒடைக்கிற எடத்துல நாலு தூணு சொல்லிட்டேன். அடுத்த சந்தைக்குள்ள வந்துடும். அடியில நட்டுடலாம்."

"நைனா, தூணு வெச்சா அந்தக் கண்ணாடி மறஞ்சிடும். கடையே அசிங்கமாப் போய்டும்."

"மலைக்காரங்க வராத கட இன்னா அழகா இருந்து இன்னாடா பிரயோஜனம்?"

பிலிப்ராஜுக்கு அழுகையாய் வந்தது. நாலு தூண் வெறும் தூண் இல்லை. தெரு முழுக்க, மலை முழுக்க, 'அமலநாதன் மகனுக்குப் புத்தி இல்லை' என்று எழுதி நட்டுவைக்கிற நாலு கல். ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். தகப்பனார் இனி எதிலும் அவன் பேச்சைக் கேட்கப்போவதில்லை. அது நியாயமும்கூட என்று தோன்றியதுதான் அவனை அதிகமாக அறுத்தது.

ரோசிதான் வழி கண்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னாங்க, அவங்க சஜ்ஜாவப் பாத்தா பயந்தாங்க? நம்ம ஆளுங்க ஓட்னதப் பாத்துதான பயந்தாங்க? முட்ட மறுபடி வெச்சி, சந்த அன்னிக்கி மறுபடி எடுங்க. ஆனா யாரும் ஓடக் கூடாது. அவ்ளோதான்."

பிலிப்ராஜ் கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். இவ்வளவு சுலபமா!

சுலபம் இல்லை. அடைக்கலம் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னபோது அவர் நெளிந்தார். முட்டு வைத்துத் தருகிறேன், மற்றதெல்லாம் எடுத்தும் தருகிறேன், கடைசி முட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார்.

"இன்னா மேஸ்திரி, நீங்க கட்னதுதான?"

"நான் கட்னதுதான் தம்பி. ஆன மேல ஏறி நின்னாலும் வுழாது. ஆனா எங் காலு எம் பேச்சக் கேக்காது. இருவது வருசமா ஓடிப் பழகிடுச்சி. என் ஆளுங்களும் அப்பிடித்தான். மறுபடியும் ஓடினோம்னா உங்க கத கந்தலாயிடும்."

அதிலும் நியாயம் இருந்தது. "அப்ப நானே தட்றேன்" என்றான் பிலிப்ராஜ். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

அமலநாதனிடம் சொன்னதற்கு, "சரி, ஒரு தபா பாரு. நடக்கலன்னா மத்தியானமே தூணு நிக்கும்" என்றார். கல்தூண்கள் வந்து கடை ஓரமாகப் படுத்துக் கிடந்தன. நல்ல வேலைப்பாடான தூண்கள். பிலிப்ராஜ் அவற்றைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய் வந்தான்.

சந்தைக்கு முந்தின நாளே தமுக்கு அடித்தாயிற்று. 'அமலநாதன் ஜவுளிக் கடையில முட்டு எடுக்கறாங்கோ, இந்தத் தபா யாரும் ஓட மாட்டாங்கோ' என்று தமுக்கடிப்பவன் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக் கூவினான். பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்! எதிர்ப்பக்கம் முழுக்கத் தலை. தீர்த்தகிரியும் மங்கம்மாளும் முன்வரிசையில். சக்கரவர்த்தி தன் கடையையே பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

அமலநாதன் தன் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து சஜ்ஜாவுக்கு நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தார். முட்டுகள் இன்னும் இருந்தன, அதனால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் கோடியிலிருந்து முட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து, கடைசி முட்டு மிச்சம் இருக்கும்போது மரியாதையாக விலகிக்கொண்டார்கள். பிலிப்ராஜ் சம்மட்டியை எடுத்தான்.

"நைனா, கொஞ்சம் எழுந்து அந்தாண்ட போங்க."

"ஏன்?"

"இல்ல... சும்மா."

"நிக்கும்னு நீதான சொல்ற? அப்ப நான் எதுக்கு எழுந்துக்கணும்? தட்டு."

பிலிப்ராஜ் அண்ணாந்து பார்த்தான். போன சந்தைக்கு முந்தின சந்தையிலிருந்து எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்ற சஜ்ஜாதான். அதன் அடியில் அவன் தினமும் போய் வருகிறவன்தான். ஆனால் கையில் சம்மட்டியும், எதிரில் அத்தனை கண்களும், அடியில் பெற்ற தகப்பனும் என்று ஆனபோது அதன் கனம் முழுவதும் அவன் தலைமேல் இறங்கியது. இன்ஜினியர் கணக்கில் தப்பியிருந்தால்? மேஸ்திரி கம்பியைக் குறைத்திருந்தால்? மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டான்.

முட்டு படீரென்று விழுந்தது.

அடுத்து அவனுக்குத் தெரிந்தது, தான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் தீர்த்தகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான். எப்போது ஓடினான், எந்த வழியாக ஓடினான், ஒன்றும் தெரியவில்லை. சம்மட்டி வழியில் கிடந்தது. ஒரு செருப்பும்.

"ரெண்டாவது தபாவும் ஓட்டந்தானா!" என்று சக்கரவர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிலிப்ராஜுக்குப் பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ரோசி முகத்தை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. எல்லாம் போச்சு. கடை போச்சு, மானம் போச்சு, தூண் வந்தாச்சு.

அப்போதுதான் அவன் சஜ்ஜாவைப் பார்த்தான். அது நின்றுகொண்டிருந்தது. அடியில், முட்டு விழுந்து கிளம்பிய புழுதிக்கு நடுவில், அமலநாதன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. விரலில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி.

"டேய் பிலிப்பு!" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "கிராக்கியக் கூப்பிடத்தான போன? நின்னுனு இன்னா பண்ற? கூட்டினு வா!"

தீர்த்தகிரி ஓர் அடி முன்னால் வைத்தார். "மொதலாளி! பயமா இல்லிங்களா?"

"எதுக்குய்யா பயம்? எம் புள்ள கட்னது!"

சொல்லிவிட்டு அமலநாதன் பொடியை இழுத்தார். இழுத்தவருக்கு அது ஏறிவிட்டது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ஹச்ச்!" என்று அவர் தும்மிய தும்மலில் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு குனிந்தே விட்டார்கள். சக்கரவர்த்தியும் குனிந்தார்.

சஜ்ஜா சிவனே என்று நின்றது.

முதலில் சிரித்தது மங்கம்மாள். "அட, பெரியவரு தும்மியே வுழல! நான் இந்தப் புளி மூட்டையத் தலையில வெச்சினு எத்தினி நேரந்தான் வெயில்ல நிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து வந்து, சஜ்ஜாவின் அடியில் மூட்டையைத் தொப்பென்று போட்டாள். அண்ணாந்து பார்த்தாள். "நல்லா நெழலாக்கூட கீது. யோவ், வாய்யா!" என்று புருஷனைக் கூப்பிட்டாள். தீர்த்தகிரி வேறு என்ன செய்வார்? பெண்டாட்டி நிற்கிற இடத்துக்குப் போகப் பயம் என்று ஊரறியச் சொல்ல முடியுமா? வந்தார். அவரைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர் வந்தார்கள். சிரிப்பும் கேலியுமாய், சஜ்ஜாவுக்கு அடியில் போய் நின்று வேண்டுமென்றே தும்மிப் பார்ப்பது அன்றைய தினத்தின் விளையாட்டாகிவிட்டது. அடைக்கலம் மேஸ்திரி வந்து நின்றுகொண்டு, வேலூர் வங்கிக் கட்டிடத்தின் கதையை எடுத்து விட்டார். பிலிப்ராஜ் போய்ச் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முழம் போட உட்கார்ந்தான். அப்புறம் அவனுக்குத் தலை நிமிர நேரம் இல்லை. ஊதாச் சீலை ஒன்றுகூட மிச்சம் இல்லை.

பொழுது சாய்ந்து கடைசி ஆள் பஸ் ஏறிய பிறகு தகப்பனும் மகனும் மட்டும் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோசி வீட்டுக்குப் போயிருந்தாள். கல்தூண்களைக் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குக் கொடுத்துவிடப் போவதாக அமலநாதன் பொதுவாகச் சொன்னார். பிலிப்ராஜ் 'சரி' என்றான். அவனுக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. ஓடிப்போனவன் எந்த முகத்தோடு கேட்பது என்றும் இருந்தது.

"நைனா. உங்களுக்கு நெஜமாவே பயமில்லியா?"

அமலநாதன் வேட்டி மடிப்பதை நிறுத்தினார். வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார், யாரும் இல்லை.

"பயமா? டேய், தும்மும்போது எனக்கு உசுரு போய்ட்டு வந்துச்சு. இப்பக்கூடப் பாரு." கையில் இருந்த வேட்டியைத் தூக்கிக் காட்டினார். மூலைக்கு மூலை சேராமல் கோணலாய் மடிந்திருந்தது. "முட்டத் தட்னதும் வுழும்னுதான்டா நெனச்சேன். மொதல் நாள்லர்ந்தே அப்பிடித்தான் நெனச்சினு கீறேன்."

பிலிப்ராஜுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "வுழும்னு நெனச்சா... அப்பறம் ஏன் நைனா ஓடல?"

"இன்னாடா கேள்வி இது? ஊரு மொத்தம் அந்தாண்ட நிக்குது. நீயும் அந்தாண்ட ஓடிட்ட. உம் பக்கம் ஒர்த்தன்னா இருக்க வாணாமா?"

பிலிப்ராஜ் கையில் இருந்த சீலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். அமலநாதன் எட்டி அவன் கையிலிருந்து சீலையைப் பிடுங்கினார்.

"டேய், டேய், வெல போட்ட துணிடா. அழறதுன்னா உன் சட்டையில தொடச்சிக்கோ" என்றார். பிறகு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "எழுந்துரு, கதவ இழுத்து மூடு. பசிக்குது" என்றார்.